மூன்றாம் நாள்

அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். ஓர் ஆடி மாதம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு குடியை ஒரே நாளில் நிறுத்தினார். தெருவே பாராட்டியது, நானும் பாராட்டினேன். மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு, சுவரெங்கும் பூச்சி ஊர்வதாகக் கூவினார். பேய் என்றெண்ணி மந்திரிக்க அழைத்துச் சென்றனர். மருத்துவமனையை அடைந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அறநூல் குடியை விடச் சொல்கிறது. விடும் உடலுக்கு நேர்வதைச் சொல்வது அதன் வேலையன்று. ஆனால் மனவுறுதி ஒன்றே போதும் என்று அதற்கு நாம் எழுதிக்கொண்ட உரை பிழையானது.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மது தரும் மந்தத்தை ஈடுசெய்யத் தன்னைக் கிளர்ச்சியிலேயே வைத்துப் பழகுகிறது. மது திடீரென நின்றால் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சன்னி காணலாம். சன்னி சிலருக்கே வரும். கவனியாது விட்டால் உயிரையே பறிக்கும்.

இதற்கான மருத்துவம் அரிதானதன்று. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரைகளை மருத்துவரின் மேற்பார்வையில் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டவருக்கு லோராசிபாம். மூளையைக் காக்கத் தயமின் ஊசி. முன்பு வலிப்போ சன்னியோ கண்டவர் உள்நோயாளியாகத் தங்க வேண்டும். இதுவும் முதற்படிதான். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது அதனால்தான்.

2003 முதல் தமிழகத்தில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமே. 2020 மார்ச்சில் ஊரடங்கில் கடைகள் மூடியபோது, எத்தனையோ பேர் தாம் தேராத நாளொன்றில் குடியை நிறுத்த நேர்ந்தது. மது கேடு என்று புட்டியில் அச்சிடுகிறவர்கள், ‘திடீரெனத் தனியே நிறுத்தாதீர், மருத்துவரை நாடுங்கள்’ என்ற வரியையும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணையும் சேர்த்து அச்சிட்டால் என்ன?

நமக்கும் கடமை உண்டு. காப்புக் கட்டியவரைக் கைதட்டி வீட்டுக்கு அனுப்பாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அந்த ஆடியில் நான் அதைச் செய்யவில்லை.