கேமராவே இல்லாத படத்தில் இயக்குநருக்கு என்ன வேலை?

2025 ஜூலை 25 அன்று வெளியான 'மகாவதார் நரசிம்மா' படத்தின் போஸ்டரில் எந்த ஹீரோவின் முகமும் இல்லை. அஸ்வின் குமார் என்ற இயக்குநருக்கு அதுதான் முதல் முழுநீளப் படம். ஆனாலும் தமிழ் உள்படப் பல மொழிகளில் ஓடி, உலகம் முழுவதும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. இந்திய அனிமேஷன் படம் எதுவும் அதற்கு முன்பு தொடாத உயரம் இது. தாத்தா, பாட்டி, பேரன் என்று குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்கு வந்தார்கள்.

இப்படி ஒரு படம் ஓடும்போதெல்லாம் ஆபீஸ் லஞ்ச் டேபிளில் ஒரு கேள்வி வரும்: "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்தானே பண்ணுது, அப்போ டைரக்டர் என்ன பண்ணுவார்?"

நியாயமான கேள்விதான். கேமரா இல்லை, லொகேஷன் இல்லை, 'ஆக்‌ஷன்' சொன்னால் நடிக்க ஆளும் இல்லை. ஆனால் இதற்கான பதிலைத் தெரிந்துகொண்டால், இவ்வளவு திறமைசாலிகள் இருந்தும் இந்தியாவில் ஏன் நல்ல அனிமேஷன் படங்கள் அரிதாகவே வருகின்றன என்பதும் சேர்ந்தே புரியும்.

எடிட்டிங் முதலில், ஷூட்டிங் கடைசியில்

சாதாரணப் படத்தில் இயக்குநர் நிறைய எடுத்துக்கொள்வார். எடிட்டிங் மேசையில் வெட்டி ஒட்டிப் படத்தைக் கண்டுபிடிப்பார். எதிர்பாராத மழை, நடிகர் சட்டென்று சேர்த்த ஒரு வசனம், பின்னால் பறந்த காக்கை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

அனிமேஷனில் எதுவும் இலவசம் இல்லை. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 1,29,600 ஃபிரேம்கள். டீ கிளாஸில் இருந்து எழும் ஆவியாக இருந்தாலும், அது வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும், இன்னொருவர் செய்ய வேண்டும். ஓர் அனிமேட்டர் ஒரு வாரம் உட்கார்ந்தால் சில விநாடிக் காட்சிதான் முடியும். 'நாலு டேக் எடுத்து வைப்போம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் கதையை ஷாட் ஷாட்டாகப் பென்சில் படங்களாக வரைகிறார்கள். இதுதான் ஸ்டோரிபோர்டு. அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, ஸ்டுடியோவில் இருப்பவர்களையே தற்காலிகமாக டப்பிங் பேச வைத்து, இசையும் சேர்த்தால் 'ஸ்டோரி ரீல்' தயார். முழுப் படத்தையும் கிறுக்கல் வடிவில் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையா? கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரையலாம். இந்த ரீல் சரியாக வந்த பிறகுதான் ஷாட்டை அமைப்பது, கதாபாத்திரத்தை அசைப்பது, ஒளி கொடுப்பது, ரெண்டர் செய்வது என்று செலவு பிடிக்கும் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கும்.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். தவறை ரிக்கொயர்மென்ட் பேசும்போதே பிடித்தால் பத்து நிமிட வேலை. புரொடக்‌ஷனுக்குப் போன பிறகு பிடித்தால் ராத்திரித் தூக்கம் போச்சு. அனிமேஷன் இயக்குநரின் முக்கியமான வேலையும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பென்சில் கட்டத்திலேயே தைரியமாகத் தப்பு செய்து, அதைக் கண்டுபிடித்து, தூக்கி எறிவது.

பயம் வெளியே போய் சோகம் உள்ளே வந்த கதை

இதற்கு நல்ல உதாரணம், பிக்ஸாரின் 'இன்சைட் அவுட்' (2015). இயக்குநர் பீட் டாக்டர். அவருடைய முந்தைய படமான 'அப்' (2009) படத்தில் சிறுமி எல்லிக்குக் குரல் கொடுத்தது அவர் மகள்தான். கலகலப்பாக இருந்த அந்தப் பெண் 11 வயது வாக்கில் அமைதியாகிவிட்டாள். 'இவள் தலைக்குள் என்னதான் ஓடுகிறது?' என்ற அப்பாவின் கேள்விதான் படத்தின் விதை.

ஒரு சிறுமியின் மனதுக்குள் உணர்ச்சிகளே கதாபாத்திரங்கள். ஆரம்பகால வடிவங்களில் மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்து வழிதவறிப் போவதாகக் கதை இருந்தது. காமெடிக்கு நல்ல ஜோடிதான். வருடங்கள் ஓடின, ரீல்கள் மாறின, படம் மட்டும் நிற்கவில்லை. பயத்தோடு ஊர் சுற்றிவிட்டு வரும் மகிழ்ச்சி, கடைசியில் என்ன கற்றுக்கொள்ளும்? பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக நடக்கப் போன டாக்டர், வேலையையே விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறார். அப்படி விட்டால் எதை இழந்ததாக வருத்தப்படுவோம் என்று நினைத்தபோது, நண்பர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். யோசித்துப் பார்த்தால் சேர்ந்து சிரித்தவர்கள் மட்டும் நெருக்கமானவர்கள் இல்லை; சேர்ந்து அழுதவர்களும் சண்டை போட்டவர்களும்தான். ஆட்களைப் பிணைப்பதில் சோகத்துக்கும் பங்கு உண்டு என்று அவருக்குப் பட்டது. பயத்தை எடுத்துவிட்டு, மகிழ்ச்சிக்குத் துணையாகச் சோகத்தை அனுப்பினார். மொத்தக் கதையும் திரும்பக் கட்டப்பட்டது. 2016-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது.

இதில் தொழில்நுட்பம் எங்கே வந்தது? எங்கேயும் இல்லை. படத்தைக் காப்பாற்றியது ஒரு முடிவு. அதைச் செயல்படுத்த முடிந்ததற்குக் காரணம், படம் இன்னும் திருத்தக்கூடிய ரீலாக இருந்தது.

குடும்பப் படம் என்ற சொல்லுக்கும் இங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது. குழந்தைக்கு நாலு ஜோக், பெரியவர்களுக்கு நாலு ஜோக் என்று கலப்பது எளிது. 'அழுவது தப்பில்லை' என்று எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லும் அதே காட்சி, பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மாவையும் தொட வேண்டும் என்றால், அது சினிமாவிலேயே கஷ்டமான வேலைகளில் ஒன்று.

எலி எப்போது எழுந்து நிற்கும்?

பெரிய முடிவுகள் போதாது. அவை உடலில் தெரிய வேண்டும். 'ராட்டடூயி' (2007) படத்தின் மூல யோசனை ஜான் பின்காவா என்பவருடையது. கதை பிடிபடாததால், 2005-ல் பிராட் பேர்ட் இயக்குநராகக் கொண்டுவரப்பட்டார். எலிகள் பெரும்பாலும் எலிகளைப் போலவே நான்கு காலில் ஓட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். நாயகன் ரெமி மட்டும் இரண்டு காலில் நடக்கும். ஏன்? சமைக்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் வாதம்.

அவ்வளவுதான். எலிக் கூட்டத்தில் ஒருவன் ஏன் தனித்து நிற்கிறான், அவன் அப்பாவுக்கு ஏன் அது பிடிக்கவில்லை என்பதெல்லாம் வசனம் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. ரெமியை அசைக்கும் ஒவ்வொரு அனிமேட்டருக்கும், 'இந்த ஷாட்டில் இவன் நிற்கிறானா, ஓடுகிறானா' என்பதற்குக் காரணத்தோடு பதில் கிடைத்துவிடுகிறது. நூற்றுக்கணக்கானோர் தனித்தனி மேசையில் செய்யும் வேலை ஒரே ஆள் செய்ததுபோலத் தெரிவது இப்படித்தான்.

எல்லோரும் பிக்ஸார் வழியில்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ஜப்பானின் ஹயாவோ மியாசாகி, வழக்கமான திரைக்கதை எழுதாமல் நேரடியாக ஸ்டோரிபோர்டு வரைகிறவர். அது முடிவதற்கு முன்பே தயாரிப்பும் தொடங்கிவிடும். 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தை, தனக்குத் தெரிந்த பத்து வயதுச் சிறுமிகளை மனதில் வைத்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரின் வழியும் வேறு வேறு. ஆனால் இருவருக்கும் கண் முன்னால் ஒரு நிஜக் குழந்தை இருந்தது. வரைந்து யோசிக்க நேரமும் இருந்தது.

இந்தியாவில் எங்கே இடிக்கிறது?

கைத்திறனில் நமக்குக் குறைவில்லை. 'புஸ் இன் பூட்ஸ்' (2011) போன்ற ட்ரீம்வொர்க்ஸ் படங்களில் பெங்களூரு கலைஞர்களின் உழைப்பு இருக்கிறது. மும்பை, ஹைதராபாத், சென்னை ஸ்டுடியோக்களிலும் வெளிநாட்டு வேலை நடக்கிறது. ஆனால் இங்கே வருவது பெரும்பாலும் சங்கிலியின் பிற்பகுதி: அசைவு, ஒளி, காட்சிகளை இணைப்பது. எலி நிற்க வேண்டுமா ஓட வேண்டுமா என்ற முடிவு வேறொரு நாட்டில் எடுக்கப்பட்ட பிறகுதான் ஃபைல் நம் கம்ப்யூட்டருக்கு வரும்.

இதன் விலை என்ன என்பது 2025 பிப்ரவரியில் தெரிந்தது. டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூரு, மும்பை அலுவலகங்களில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் சில நாட்களில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வேலையில் குறை இல்லை. படம் பற்றிய முடிவும் கம்பெனி பற்றிய முடிவும் அவர்கள் கையில் இல்லை என்பதுதான் பிரச்சினை.

சரி, நாமே சொந்தமாகப் படம் எடுக்கலாமே? இங்கே பணம் வரும் வழி குறுக்கே நிற்கிறது. நம் சினிமாவில் ஹீரோவின் கால்ஷீட்டை நம்பித்தான் முதலீடு வருகிறது. ஸ்டோரிபோர்டுக்கு மட்டும் இரண்டு வருடம் வேண்டும், அதில் பாதியைக் கிழித்துப் போடுவோம் என்று சொன்னால், எந்த ஃபைனான்சியர் கேட்பார்? "ஃபுட்டேஜ் காட்டுங்க" என்பார். காட்டுவதற்குப் பென்சில் கிறுக்கல்தான் இருக்கும்.

2014-ல் சௌந்தர்யா ரஜினிகாந்த் 'கோச்சடையான்' எடுத்தபோது, மோஷன் கேப்சர் என்ற புதிய தொழில்நுட்பமும் இருந்தது, நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமும் இருந்தார். ஆனாலும் முகங்களில் உயிர் இல்லை என்ற விமர்சனம் பரவலாக வந்தது. நடிகரின் அசைவைக் கருவி பிடித்துக்கொள்ளும். அதைத் திருத்தித் திருத்தி உயிர் கொடுக்க மனித உழைப்பும் நேரமும் வேண்டும்.

புராணக் கதைகள் இங்கே பாதுகாப்பான வழியாக இருப்பதும் இதனால்தான். 'ஹனுமான்' (2005) முதல் 'மகாவதார் நரசிம்மா' வரை, பாட்டி சொல்லிச் சொல்லி ஏற்கெனவே செதுக்கப்பட்ட கதைகள் அவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரகலாதனுக்கு முன்பு வராக அவதாரத்தில் தொடங்குவதும், தூணைப் பிளந்த பிறகு எவ்வளவு காட்டலாம், மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எவ்வளவு தாங்கும் என்பதும் இயக்குநரின் முடிவுகளே. ஆனால் நம் அடுக்குமாடி வீட்டில் வளரும் 11 வயதுப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும் என்றால், பாட்டியின் கதை துணைக்கு வராது. ஒன்றுமில்லாத இடத்தில் இருந்து தேட வேண்டும். தேடுவதற்கு நேரம் வேண்டும்.

ஏஐ வந்தால் எல்லாம் மாறிவிடுமா?

படம் வரைவது மலிவாகலாம். எந்தப் படம் வேண்டும் என்று முடிவு செய்வது மலிவாகாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பென்சில் கிறுக்கலைப் பார்க்கும் யாருக்கும், 'இதை மாத்தலாமே' என்று சொல்லத் தோன்றும். முதல் நாளே பளபளவென்று வந்து நிற்கும் காட்சியைப் பார்த்தால், அது முடிந்துபோன வேலை மாதிரித் தெரியும். கதை சரியில்லை என்று சொல்ல வாய் வராது.

ஒன்றிய அரசு 2022 பட்ஜெட்டில் அனிமேஷன் துறைக்குப் பணிக்குழு அறிவித்தது. 2024 செப்டம்பரில் மும்பையில் தேசிய மையம் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் அங்கே சாஃப்ட்வேர் மட்டும் சொல்லிக்கொடுத்தால், பிறர் முடிவுகளுக்கு இன்னும் கொஞ்சம் வேகமான கைகள்தான் கிடைக்கும். ஒரு மாணவர் ஏழு முறை ஸ்டோரிபோர்டு வரைந்து, ஆறு முறை தோற்க இடம் கொடுக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு ஹாலிவுட் அனிமேஷன் படம் பார்த்தால், விளக்கு போட்டதும் எழுந்துவிடாதீர்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அசைவு, ஒளி என்ற தலைப்புகளின் கீழே நமக்குப் பழக்கமான இந்தியப் பெயர்கள் வந்தால் சந்தோஷப்படுங்கள். அப்படியே 'கதை' என்ற தலைப்பின் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடும் நாளில்தான், முடிவெடுக்கும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம்.