இணைகோடுகளும் தெரியாத கோணமும்

தமிழ்ப்பள்ளியில் எண்களோடு நன்றாகப் பழகிய பிள்ளைதான். படிவம் ஒன்றுக்குப் போனதும் இரண்டு இணைகோடு, ஊடே ஒரு குறுக்குக்கோடு, ஒரு மூலையில் 'எக்ஸ்' என்று கண்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. 'எனக்குக் கணக்கு வராது' என்ற சொல் அந்த வயதில் வாயில் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுப்பது கடினம். ஆகவே இம்மாதம் இதையே பார்ப்போம்.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இப்படம் புதிதன்று. சமதரையில் கன்றுகளை முக்கோண முறையில் நடுகிறார்கள். மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். ஒரு மரத்தடியில் நின்று பாருங்கள். மூன்று திசைகளில் நிரைகள் ஓடும். ஒரே திசையில் ஓடுபவை எல்லாம் இணைகோடுகள். வேறு திசை நிரை ஒன்று அவற்றை வெட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு மரத்தடியிலும் அதே 60 பாகை, பக்கத்தில் 120 பாகை. 'ஒத்த கோணங்கள் சமம்' என்பது இதுதான். பிள்ளையின் மலாய்ப் பாடநூலில் இதன் பெயர் சூடுட் செபாடான்.

இசட் எழுத்தின் உள்மூலைகள் இரண்டும் சமம். இவை ஒன்றுவிட்ட கோணங்கள், சூடுட் செலாங்-செலி. இணைகோடுகளுக்கு உள்ளே, குறுக்குக்கோட்டின் ஒரே பக்கத்தில் இருப்பவை சூடுட் பெடாலாமான். இரண்டையும் கூட்டினால் 180. இவற்றையும் சமம் என்று எழுதிவிடும் பிள்ளைகள் அதிகம். ஒன்று அகன்றும் ஒன்று ஒடுங்கியும் இருப்பதைக் காட்டிக் கேளுங்கள், தானே திருத்திக்கொள்ளும்.

இனி, பிள்ளைகளைத் திணறவைக்கும் கணக்கு. மேலும் கீழும் இரண்டு இணைகோடுகள். மேல்கோட்டிலிருந்து இறங்கும் கோடு நடுவில் முழங்கைபோல் இடப்பக்கம் மடங்கிக் கீழ்க்கோட்டைத் தொடுகிறது. இடப்பக்கமாக மேலே 38 பாகை, கீழே 27 பாகை. முழங்கையின் உட்புறம் எக்ஸ். குறுக்குக்கோடு ஒடிந்திருப்பதால் இங்கே இசட் கண்ணில் படாது. படத்தில் இல்லாத கோட்டை நாமே போடவேண்டும். முழங்கை முனை வழியாக மூன்றாவது இணைகோடு ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். எக்ஸ் இரண்டாகப் பிரியும். மேலே ஓர் இசட், அதனால் 38. கீழே ஓர் இசட், அதனால் 27. எக்ஸ் 65 பாகை.

பாகைமானியால் அளக்க விடாதீர்கள். தேர்வுப் படங்கள் பெரும்பாலும் அளவுக்கு வரையப்படுவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதட்டும். நீங்கள் ஆறாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். அதனால் என்ன? 'ஏன் 38?' என்று கேட்க அது போதும். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. விழித்தால் படத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள்.

இன்னொன்று கொடுத்துப் பாருங்கள். அதே படம், முழங்கையில் 100, மேலே 45. கீழே எவ்வளவு? 55 என்று வரவேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.