ஆட்டம் மரையில் மட்டுமா?

வீட்டிலேயே சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் பேச்சு பேக்லாஷுக்கு வந்துவிடும். கைப்பிடியை இந்தப் பக்கம் சுற்றிவிட்டு அந்தப் பக்கம் திருப்பும்போது, டேபிள் அசையாமல் கைப்பிடி மட்டும் வெறுமனே சுற்றுகிற அந்தக் கொஞ்ச தூரம்தான் பேக்லாஷ். பட்டறைப் பேச்சில், ஆட்டம். இதற்கு எல்லோரும் எழுதித் தரும் மருந்துச் சீட்டு ஒன்றே: "பழைய மரைத்தண்டைக் கழற்று, பால் ஸ்க்ரூ போடு. அப்புறமும் ஆட்டம் இருந்தால் இறுக்கு. மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்."

பால் ஸ்க்ரூவோடு எனக்குப் பகை இல்லை. என் மில்லிங் மிஷினின் மூன்று அச்சிலும் அதுதான் ஓடுகிறது. என் சண்டை அந்தச் சீட்டோடுதான். வரிவரியாகப் பார்ப்போம்.

1. "பால் ஸ்க்ரூ என்றாலே ஆட்டம் பூஜ்யம்"

பால் ஸ்க்ரூவில் மரைக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. அதனால் குறைவது உராய்வு. கொடுத்த சக்தியில் சுமார் 90 சதவீதம் வேலையாகிறது. சாதாரண மரையில் அதில் பாதிகூடக் கிடைப்பது அரிது. லேசாகச் சுற்றுகிறது என்பதற்காக ஆட்டமே இல்லை என்றாகிவிடாது. ஒற்றை நட்டில் குண்டு உருள இடைவெளி விட்டிருந்தால், அந்த இடைவெளியே ஆட்டம். அதை எடுக்க, சற்றே பெரிய குண்டுகளோ இரட்டை நட்டோ கொண்டு முன்னழுத்தம் கொடுத்திருக்க வேண்டும்.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. "சி7 தரம் வாங்கினேன், ஆட்டம் வராது" என்பார்கள். சி7 என்பது 300 மில்லிமீட்டர் ஓட்டத்துக்கு 50 மைக்ரான் வரை தூரம் பிசகலாம் என்ற கணக்கு. அது மரையின் நீளத்தைப் பற்றியது; திசை திருப்பும்போது வரும் ஆட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

2. "ஆட்டம் இருந்தால் குற்றவாளி நட்டுதான்"

இதை நானும் நம்பினேன். என் மிஷினின் எக்ஸ் அச்சில் 0.10 மி.மீ. ஆட்டம். நட்டைக் கழற்றிப் பெரிய குண்டுகள் போடுவது என்று முடிவெடுத்தேன். நட்டை அப்படியே உருவினால் குண்டுகள் தரையில் உருண்டோடும். மரையின் அடிவிட்டத்தை விடக் கொஞ்சம் குறைவான குழாய் ஒன்றைத் தண்டின் முனையோடு ஒட்டிப் பிடித்து, நட்டை அதன்மேல் ஏற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. மாட்டி அளந்தேன்: 0.09.

அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தண்டின் மோட்டார் இல்லாத முனையில் உள்ள சென்டர் துளையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஓர் எஃகுக் குண்டை ஒட்டினேன். டயல் கேஜின் முள் அந்தக் குண்டில் படும்படி வைத்து, டேபிளைக் கையால் தள்ளி இழுத்தேன். நகரவே கூடாத தண்டு 0.06 முன்னும் பின்னும் போய்வந்தது. அடுத்து, கேஜை டேபிளில் நிறுத்தி நட்டின் ஃப்ளாஞ்சில் முள்ளை வைத்தேன். அங்கே 0.02, நட்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் தளர்ந்திருந்தது. நட்டின் பங்கு மிச்சமிருந்த 0.01 மட்டும்.

0.06 எங்கிருந்து வந்தது? மோட்டார் பக்கம் தண்டைப் பிடித்திருக்கும் பிகே12 பிளாக்கைத் திறந்தேன். அங்கே இருக்க வேண்டியது 7001 என்ற கோணத் தொடர்பு பேரிங் ஜோடி. இருந்ததோ 6001, சாதாரண பேரிங். இரண்டுக்கும் அளவு ஒன்றே: உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8. மாற்றி வைத்தாலும் அச்சாகப் பொருந்தும். 6001 பக்கவாட்டுச் சுமைக்கானது. அதன் உள்ளே இருக்கும் சில மைக்ரான் இடைவெளி, அச்சுத் திசையில் பல மடங்காகத் தெரியும். 7001 ஜோடியை வெளி வளையங்களின் தடித்த முகங்கள் ஒன்றையொன்று தொடும்படி, முதுகோடு முதுகாக வைத்துப் பூட்டினேன். 0.06 போயே போயிற்று.

ஆட்டம் ஒரு சங்கிலி. கப்ளிங், பேரிங், தண்டு, நட், பிராக்கெட், டேபிள் என்று எந்தக் கண்ணியிலும் அது இருக்கலாம். கைப்பிடிக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

3. "எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது"

சைக்கிள் கடையில் சக்கரத்துக்கு கோன் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் போகும்வரை இறுக்குவார், பிறகு ஒரு மயிரிழை தளர்த்துவார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்தது நம்மில் பலருக்கு மறந்துவிடுகிறது.

பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்குத் தலைகீழாகக் குறையும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. முன்னழுத்தமும் சுமைதான்.

ஸ்டெப்பர் மோட்டார் வைத்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு என்றால் ஒரு ஸ்டெப் 25 மைக்ரான். மோட்டாரின் தாங்கு விசையில் 70 சதவீதத்தை உராய்வே தின்றால், ரோட்டர் சுமார் அரை ஸ்டெப் பின்தங்கி நிற்கும். திசை திருப்பினால் அந்தப் பக்கமும் அரை ஸ்டெப். ஆக, இறுக்கி இறுக்கி நாமே 25 மைக்ரான் ஆட்டத்தை உண்டாக்கிவிடுகிறோம்.

தண்டின் இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டுகிறவர்களும் உண்டு. எஃகு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 12 மைக்ரான் நீளும். அரை மீட்டர் தண்டு 5 டிகிரி சூடேறினால் 30 மைக்ரான். அது போக வழியில்லை என்றால் தண்டு வளையும், இல்லையென்றால் பேரிங்கை நெருக்கும். மறுமுனைப் பேரிங்கை நழுவும்படி விட்டிருப்பது அதற்காகத்தான்.

4. "மென்பொருள் சரிசெய்துவிடும்"

லினக்ஸ் சிஎன்சி போன்ற மென்பொருள்களில் பேக்லாஷ் எண்ணைக் கொடுக்க இடம் இருக்கிறது. திசை திரும்பும்போது அந்த அளவுக்குத் தண்டைக் கூடுதலாகச் சுற்றும். துளை போடும் வேலைக்கு இது போதும். ஆனால் அந்தக் கணக்கு, இடைவெளியின் எந்த ஓரத்தில் டேபிள் நிற்கிறது என்பதை ஊகித்துத்தான் நடக்கிறது. கட்டர் சுழலும் திசையிலேயே டேபிளை ஓட்டி வெட்டும்போது கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பில் டேபிள் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒரு வட்டம் வெட்டிப் பாருங்கள்: அச்சுகள் திசை மாறும் நான்கு இடங்களிலும் தழும்பு தெரிந்தால் அது ஆட்டத்தின் கையெழுத்து.

மரையின் தூரப்பிசகு வேறு. அது தண்டில் இடத்துக்கு இடம் நிலையாக இருப்பதால், அளந்து அட்டவணையாகக் கொடுத்தால் மென்பொருள் உண்மையிலேயே திருத்தும்.

5. "சீல் இருக்கிறது, கிரீஸ் வேண்டாம்"

புதிய தண்டின் மேல் வழவழவென்று இருப்பது பெரும்பாலும் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்தான். துடைத்துவிட்டு நல்ல லித்தியம் கிரீஸ் போடுங்கள். கிராஃபைட்டோ மாலிப்டினம் பொடியோ கலந்த கறுப்பு கிரீஸ் வேண்டாம். குண்டுகள் சறுக்காமல் உருள வேண்டிய இடம் அது. நட்டின் வாயில் உள்ள வைப்பர் கிழிந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே போகும் இரும்புத்தூள் எந்த ஆட்டத்தையும் விட மோசமானது.

இவ்வளவும் சொன்ன பிறகும், தேய்ந்த மரையை விட பால் ஸ்க்ரூ மேல்தான். பெரிய குண்டு போடும் வித்தையும், நட்டில்தான் ஆட்டம் என்று உறுதியானால், பலிக்கும். சீட்டில் உள்ள மருந்துகள் பொய்யில்லை. நோயைப் பார்க்காமல் கொடுக்கிறோம் என்பதே என் குறை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைக்காது. உங்களுடையது இன்னும் கையில் இருக்கிறது. ஸ்பேனரை எடுக்கும் முன், ஒரு துளி கிரீஸில் ஒரு குண்டை ஒட்டி, முள் அசைகிறதா என்று பாருங்கள்.