பாட்டில் நியாயம் இருந்தால் விளையாட்டு கெடுமா?

குழந்தைப் பாட்டு விளையாட்டுக்கு மட்டுமே, அதில் சமூக நீதியைச் சேர்த்தால் பிரச்சாரமாகிவிடும் என்கிறார்கள். எலா ஜென்கின்ஸின் பாடல்களைக் கேட்டவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்த இந்தக் கறுப்பினப் பாடகியின் முதல் இசைத்தட்டை 1957-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. அவர் ஒரு அடி பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். ஆப்பிரிக்க மரபில் வேர்விட்ட முறை அது. வாய்திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. பல நாட்டு மொழிகளிலும் பாட வைத்தார். இதில் உபதேசம் எங்கே இருக்கிறது? 1966-இல் வந்த அவருடைய இசைத்தட்டு ஒன்றை, காக்கப்பட வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2007-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்த்தது.

குழந்தைகளுக்கு அநீதி புரியாது என்பது அதைவிட மோசமான வாதம். எந்தப் பள்ளி தங்களுக்கில்லை, எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1963 மே மாதம் அம்மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அவர்கள் விடுதலைப் பாடல்களைப் பாடிக்கொண்டே தெருவில் இறங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். தீயணைப்புப் படையினர் தண்ணீரைப் பீய்ச்சியும் காவலர்கள் நாய்களை ஏவியும் தாக்கினார்கள். மறுநாளும் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள்.