மணலும் உவரும் கியர்ப் பெட்டியும்

“தமிழ் கற்பிப்பவனுக்குக் கியர்ப் பெட்டியோடு என்ன உறவு?” என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். உறவு உண்டு. வண்டியின் அச்சு முறிவதைப் பற்றி நம்மை முன்னரே எச்சரித்தவர் பொறியியலாளர் அல்லர், வள்ளுவரே. மயிலிறகுதானே என்று அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சும் முறிந்துபோம் என்னும் கருத்தை அவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வைத்தார். அரசனுக்குச் சொன்ன அவ்வறிவுரை மன்னார் மணலில் வண்டி ஓட்டும் சாரதிக்கும் பொருந்தும் என்பதே யான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

மன்னார்த் தீவில் தார்வீதியை விட்டுச் சிறிது இறங்கினால் மணல். தாழ்வுபாடு, பேசாலை, தலைமன்னார், உருமலை ஆகிய கரைகளில் வள்ளத்தை இழுக்கவும், வலைகளையும் மீன்பெட்டிகளையும் வீதிக்குக் கொண்டு சேர்க்கவும் உழவு இயந்திரங்களும் நாற்சில்லு இயக்க வண்டிகளும் துணை நிற்கின்றன. பெருநிலத்தில் வங்காலை தொடக்கம் அரிப்பு, சிலாவத்துறை, முள்ளிக்குளம் வரையுள்ள கரைக்கும் இது பொருந்தும். கோடையிற் புழுதி, மாரியிற் சேறு, ஆண்டு முழுவதும் உவர்க்காற்று. இத்தகைய நிலத்தில் கியர்ப் பெட்டி உடைவது செல்வர்க்கு நேரும் சிறு தொல்லையன்று. வண்டி நின்றால் மீன் கெடும். மீன் கெட்டால் கடன் ஏறும். கடன் ஏறினால் நம் வகுப்பிலிருந்து ஒரு மாணவன் குறைவான்.

“முன்னாளில் வந்த இரும்பே இரும்பு; இக்காலத்து இரும்பு வெறுந் தகரம்” என்று தேநீர்க்கடைகளிலே பேசக் கேட்கிறோம். இக்கூற்றிற் பாதியே உண்மை என்பது எமது துணிபு. பழைய வண்டிகளுள் உடைந்தவை என்றோ இரும்புக்கடைக்குப் போயின. எஞ்சியவற்றையே நாம் இன்று காண்கிறோம். அவற்றுக்கு நீண்ட ஆயுள் தந்தது இரும்பு மட்டுமன்று. ஓட்டியவனுடைய கையும் காலும் பொறுமையுமாம்.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இரண்டாம் உலகப் போரின்போது 1941ஆம் ஆண்டு முதற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பே நாற்சில்லு இயக்கத்தை உலகறியச் செய்தது. 1948 ஏப்பிரலில் அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் லான்ட் றோவர் வெளிவந்தது. அதன் வழிவந்த பழைய அமைப்பு டிபென்டர் 2016 சனவரியில் நிறுத்தப்படும்வரை அம்மரபு ஏறக்குறைய 68 ஆண்டு நீடித்தது. இவ்வண்டிகளில் வழக்கமான கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ஒரு துணைப் பெட்டி உண்டு. ஜீப்பில் அதன் கோல்களால் முன்னச்சையும் சேர்த்து இழுக்கச் செய்யலாம், தாழ்கியரையும் போடலாம்.

அந்த ஜீப்பின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதற் கியர் 2.66 மடங்கு, துணைப் பெட்டியின் தாழ்கியர் 1.97 மடங்கு, அச்சிலுள்ள பற்சில்லுகள் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 25.6. எஞ்சின் தரும் முறுக்குவிசை, உராய்வில் இழப்பது போக, ஏறத்தாழ இத்தனை மடங்காகப் பெருகிச் சில்லுகளைச் சேர்கிறது. மணலிலிருந்து நம்மை மீட்கும் வரம் இதுவே. பொறுமையற்றவன் வண்டியில் இதுவே சாபம். கிளச்சு மிதியிலிருந்து காலைச் சடுதியாக எடுத்தால் அந்த அதிர்ச்சியும் பெருகிப் பற்சில்லின் பல்லிலும் அச்சுத் தண்டிலும் சென்று அடிக்கும்.

இன்னுமொன்று. வளைவிலே முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட வழியிற் செல்லும். ஜீப்பைப் போன்ற வண்டிகளில் இவ்வேறுபாட்டுக்கு விட்டுக்கொடுக்க முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிபரன்சியல் இல்லை. மணலிலே சில்லு சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்வீதியிலோ வழுக்க இடமில்லை, தண்டுகள் முறுகும், பற்கள் இறுகும், கோலை மீட்டெடுத்தலும் அரிதாம். மணலுக்காகப் பூட்டியதை வீதி ஏறியதும் விடுவியாதிருத்தல் பெரும் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் பேசாலைக்கு மேற்கே கரைவழியாகச் சென்றபோது எங்கள் வண்டி மணலிற் புதைந்தது. இளஞ்சாரதி எஞ்சினை அலறவைத்து, கிளச்சை அரைவாசி அழுத்தியபடியே முயன்றான். சில்லு அச்சளவு தாழ்ந்தது. கிளச்சு எரியும் நாற்றம் எழுந்தது. அவ்வழியே வந்த முதிய சாரதியொருவர், “தம்பி, இறங்கு. முதலில் அதை ஆறவிடு” என்றார். சில்லுகளின் முன்னிருந்த மணலைக் கையால் வாரினார். ரயர்களின் காற்றைக் குறைத்தார். பின்னர்த் தாழ்கியரில் இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை முழுவதும் விட்ட பின்னரே எஞ்சினை மெல்ல உயர்த்தினார். வண்டி அமைதியாக வெளியேறியது. வீதி ஏறியதும் நிறுத்தி, முன்னச்சை விடுவித்து, “காற்றடிக்கும்வரை மெதுவாகப் போ, தம்பி” என்றார். கூலி வாங்கவில்லை. அவர் எத்தனையாம் வகுப்புவரை படித்தார் என்று கேட்க எனக்கு நாணமாக இருந்தது.

மணலைவிடக் கொடியது உவர்நீர். ஓடிச் சூடேறிய அச்சுப் பெட்டி திடீரென நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருப்பின், எண்ணெய் கசியாதபடி தடுக்கும் வளையங்களின் வழியே நீர் உள்ளே உறிஞ்சப்படும். எண்ணெய் பாலைப்போல வெளுத்தால் நீர் கலந்ததென்று பொருள். அன்றே மாற்றல் வேண்டும். பெயர் சுட்ட வேண்டாத ஓரலுவலகத்தின் விலையுயர்ந்த வண்டி, கடல்நீரில் இறங்கிய பின்னும் எண்ணெய் பார்க்கப்படாமலே ஓடி, இரண்டாண்டு முடியுமுன் முற்றத்திற் கிடந்ததைக் கண்டேன். குறை இரும்பினதா? சில போத்தல் எண்ணெயை மிச்சம் பிடித்தவரதா?

கடலுக்கு அப்பாலும் சான்றுண்டு. தலைமன்னாருக்கு எதிர்க்கரையான தனுஷ்கோடி 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்தது. 2017ஆம் ஆண்டு அரிச்சல்முனைவரை வீதி திறக்கப்படும்வரை, அங்கே செல்வோரை நாற்சில்லு இயக்க ஜீப்புகளும் வான்களும் மணலிலும் கடலோர நீரிலும் சுமந்து திரிந்தன. அவ்வண்டிகள் அழியாத இரும்பினால் ஆனவையல்ல. பழுதறிந்து திருத்தும் கைகள் அருகிலிருந்தமையாலேயே அவை ஓடின என்று கருதுகிறேன்.

பழைய வண்டிகளின் உண்மையான பெருமையும் இதுவே: சில ஸ்பனர்களைக் கொண்டு மரநிழலிற் கழற்றிப் பூட்டலாம். பழைய லான்ட் றோவரின் பின்னச்சுத் தண்டு முறிவதைக் குறையென்பர். ஆயின் அத்தண்டு முன்னே முறிவதனால் விலைமிக்க பற்சில்லுகள் பிழைத்தலும் உண்டு. முறிந்ததை இழுத்தெடுத்துப் புதியதைச் செருகுதல் பெரிய வேலையன்று. தானியங்கிக் கியர்ப் பெட்டி அதிர்ச்சியைத் திரவத்தால் ஏற்று மணலில் மென்மையாக இழுக்கும். அதனை யான் இகழேன். ஆனால் அது பழுதுற்றாற் கரையோரக் கராஜில் திருத்தல் அரிது. ஆதலின், கையாளும் அறிவு இருக்குமாயின், நம் கரைக்குக் கையால் மாற்றும் கியரே இன்னும் ஏற்றது.

அவ்வறிவை யார் புகட்டுவது? 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டமை நன்று. ஆயினும் கரையோரச் சிறுவர் பலர் அவ்வகுப்பை எட்டுமுன்னரே வண்டியில் ஏறிவிடுகின்றனர். கராஜிற் பழகும் சிறுவன் உறுப்புகளின் பெயர்களை மனனஞ் செய்கிறான். காரணத்தை அவனுக்குச் சொல்வார் அரியர். வண்டியோடு வந்த கைநூலோ அவனுக்கு விளங்காத மொழியில் இருக்கையின் கீழ் உறங்குகிறது. தமிழாசிரியராகிய எமக்கு இதிற் பங்கில்லையா? கிளச்சு, கியர் என்னும் சொற்களை விரட்டுதல் எம் முதல் வேலையன்று. ஏன் முறிகிறது, எவ்வாறு காப்பது என்பதை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தலே எம் வேலை.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். யூபிலி நினைவாக எழுப்பும் வளைவோடு, பழைய கியர்ப் பெட்டி ஒன்றையும் உள்ளமைப்புத் தெரிய வெட்டி வகுப்பறையில் வையுங்கள். நம் பழைய மாணவருள் சாரதிகளும் திருத்துநரும் உளர். பரிசளிப்பு விழா மேடையில் இருக்கை பெறாத அவர்களை மாதம் ஒருமுறையேனும் ஆசிரியராக அழையுங்கள்.

வள்ளுவர் அவ்வதிகாரத்திலே பகைவன் வலியோடு தன் வலியையும் வினையின் வலியையும் எண்ணிச் செய்யச் சொன்னார். நமக்காகப் பாரஞ் சுமக்கும் இரும்பின் வலியையும் எண்ணிப் பார்க்க நம் மாணவர் கற்பாராக. நம் கல்லூரி நீடு வாழ்க.