பதிலுக்கு ஒரு தேதி

கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சல் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார். வரும் கடிதங்களைச் செயலாளர் சேர்த்துவைப்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் உட்கார்ந்து மொத்தமாகப் பதில் எழுதுவார். பல பாகங்களாக நீளும் நூலை எழுதிக்கொண்டிருந்த அவருக்கு அந்த அமைதி தேவைப்பட்டது.

மின்னஞ்சலும் அவசரத்துக்கென்று பிறந்ததல்ல. பெறுபவரின் சர்வர் இயங்காவிட்டால், அனுப்பிய சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் திரும்பத் திரும்ப முயலும். உடனே பதில் வேண்டும் என்ற பதற்றம் கைபேசியோடு வளர்ந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அதில் 124 பேர் ஒரு வாரம் தினமும் மூன்று முறை மட்டும் அஞ்சல் பார்த்தார்கள். இன்னொரு வாரம் விருப்பம்போலப் பார்த்தார்கள். கட்டுப்பாடு இருந்த வாரத்தில் மனஅழுத்தம் குறைந்திருந்தது. கோபத்தில் எழுதவிருந்த பதில், ஓர் இரவு கழிந்தால் தானே மட்டுப்படுவதையும் நாம் அறிவோம்.

ஆனால், க்னூத்துக்குச் செயலாளர் இருந்தார், அசைக்க முடியாத பேராசிரியர் பதவியும் இருந்தது. தாமதம் பெரும்பாலும் மேலே இருப்பவருக்கே கட்டுப்படியாகிறது. ஆய்வேட்டின் அத்தியாயத்தை நெறியாளருக்கு அனுப்பிய மாணவி, உதவித்தொகைக் காலம் கரைவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். நேர்காணல் முடித்த இளைஞர், கையில் கிடைத்த வேறு வேலையை ஏற்பதா விடுவதா என்று தவிக்கிறார். பில் அனுப்பிய வடிவமைப்பாளர், நினைவூட்டினால் அடுத்த வேலை கிடைக்காதோ என்று அஞ்சி வாய்மூடி இருக்கிறார். இவர்கள் மறுநாள் பதில் எழுதினால் அது பொறுப்பின்மை. மேலதிகாரி மாதக்கணக்கில் எழுதாவிட்டால் வேலைப்பளு! இந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

பிரான்ஸில் 2017இல் நடைமுறைக்கு வந்த ‘தொடர்பறுக்கும் உரிமை’ ஊழியரின் இரவைக் காக்க முயல்கிறது. நல்லது. காத்திருப்பவரைக் காக்க அதில் எதுவுமில்லை. அதற்கு நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பார்க்கலாம். 2005இன் இச்சட்டம் பதிலுக்கு 30 நாள் தருகிறது. உயிர், சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரம். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அதிகாரிக்கு அபராதம். நடைமுறையில் ஓட்டைகள் உண்டு. ஆனாலும், எத்தனை நாள் பொறுப்பது, எப்போது மேல்முறையீடு செய்வது என்று விண்ணப்பித்தவருக்குத் தெரியும்.

யோசித்து எழுத ஒரு மாதம் ஆகட்டும். “கிடைத்தது, 20ஆம் தேதிக்குள் எழுதுகிறேன்” என்ற ஒரு வரியை அன்றே அனுப்பலாமே. அத்தியாயத்தைத் திருப்பித் தரவேண்டிய கெடுவைப் பல்கலைக்கழகங்கள் நெறியாளருக்கு விதியாகவே வைக்கலாம். தேர்வாகாதவருக்கும் அதைத் தெரிவிக்கும் நாளை நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே அச்சிடலாம்.