வாங்கிய பாட்டு யாருக்குச் சொந்தம்?

'விண்டோஸ் 10' கம்ப்யூட்டர்களுக்குத் தந்து வந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க வேண்டிய நிலை பலருக்கு. கணக்கு வழக்குகளும் குடும்பப் படங்களும் புதுப் பெட்டிக்கு வந்துவிடும். சம்பளப் பணத்தில் வாங்கிய பாட்டுகள் வருமா?

இது சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு, வேலை முடிந்த பிறகு நாலு தமிழ்ப் பாட்டுதான் துணை.

கேசட் காலத்தில் இந்தக் கவலை இல்லை. விற்ற கடையை மூடினாலும் கேசட் நம் அலமாரியில் இருந்தது. இன்று நிலைமை வேறு.

அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் கம்பெனி பூட்டுப் போட்ட பாட்டுகளை விற்றது. அவற்றை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற அந்தக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அனுமதி தரும் ஏற்பாட்டை நிறுத்தப் போவதாக 2008-ல் அது அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே 2011 இறுதி வரை நீட்டிப்பதாகச் சொன்னது.

நம் நாட்டில் பிளிப்கார்ட் கம்பெனி 2012-ல் 'பிளைட்' என்ற பாட்டுக் கடையைத் திறந்து, 2013-ல் மூடியது. அங்கே விற்ற எம்.பி.3 பாட்டுகளுக்குப் பூட்டு இல்லை. இறக்கி வைத்துக் கொண்டவர்கள் தப்பினார்கள்.

ஆப்பிள் கம்பெனி 2009-லேயே தான் விற்கும் பாட்டுகளின் பூட்டை எடுத்துவிட்டது. அதன் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில். ஆகவே இங்கே வாங்கிய பாட்டுகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றத் தடை இல்லை. மாதச் சந்தா கட்டிக் கேட்பது வேறு. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

எனவே வாசகர்கள் முதலில் தங்கள் கையில் உள்ளதைக் காத்துக் கொள்ள வேண்டும். ஆயிரம் பாட்டுகள் ஏறத்தாழ 10 ஜி.பி. அளவுதான், 16 ஜி.பி. பென் டிரைவில் அடங்கிவிடும். பாட்டு உள்ள போல்டரை முழுதாக நகல் எடுங்கள். புதுப் பெட்டியில் பாடுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பழையதை அழித்துக் கொடுங்கள். பாஸ்வேர்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால், எல்லாப் பொறுப்பையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பிறகு பறித்துக் கொள்ளக் கூடிய பொருளை, அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

இங்கும் அத்தகைய விதி வர வேண்டும். கடையை மூடுவதானால் போதிய அவகாசம் கொடுத்து, விற்ற பாட்டுகளைப் பூட்டு இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மத்திய அரசு இதில் கவனம் செலுத்துமா?